நாலு வருடத் தலைமுறை



வெருகல் சித்திரவேலாயுதர் கோயில் திருவிழாவுக்கு இலங்கைத்துறை, ஈச்சிலம்பற்றுப் பக்கத்திலிருந்து போய்வரும் ஒரு வயதான அம்மாவைக் கேட்டுப் பாருங்கள். எந்த நாள் யாருடைய திருவிழா, எந்த ஊரார் என்ன கொண்டுவர வேண்டும், எந்த வருடம் மழை குழப்பியது, எல்லாம் சொல்லுவார். அறுபது வருட ஞாபகம் ஒரே தலைக்குள் இருக்கும். பல்கலைக்கழக வளாகத்தில் அப்படி ஒரு தலை கிடையாது. அங்கே ஒரு விழாவை நாலு தடவைக்கு மேல் பார்த்த மாணவர் இல்லை. நாலாவது தடவை பார்ப்பவருக்கும் சோதனை நெருங்கியிருக்கும். பாதி மனம் நூலகத்தில் இருக்கும். ஊரில் தலைமுறை என்றால் முப்பது வருடக் கணக்கு. வளாகத்தில் அது நாலு வருடம், பொதுப் பட்டம் படிப்பவருக்கு மூன்றே வருடம். இந்தக் குறுகிய காலத்துக்குள் ஆண்டு விழாக்கள் எப்படிக் கைமாறுகின்றன, எவை பிழைக்கின்றன, எவை சாகின்றன என்பதைத்தான் இன்றைக்குப் பேச வந்திருக்கிறேன்.

நாலு வருடத் தலைமுறைக்கு ஒரு வேடிக்கையான குணம் உண்டு. எதுவும் அங்கே சீக்கிரம் தொன்மையாகிவிடும். ஒரு வளாகத்தில் கலை விழாவுக்குப் பந்தல் போட மூங்கில் கிடைக்கவில்லை. கட்டட வேலைக்கு வந்திருந்த இரும்புக் குழாய்களை இரவல் வாங்கி நட்டார்கள். அடுத்த வருடமும் குழாய். மூன்றாம் வருடம் ஒருவர் லொறியில் மூங்கில் கொண்டுவந்து இறக்கினார். அமைப்புக் குழுவில் இருந்த பிள்ளைகள் அதை ஏற்கவில்லை. "சேர், எங்கட கம்பஸில குழாய்தான் வழமை" என்றார்கள். அப்படிச் சொன்ன யாரும் முதல் வருடம் அங்கே இருந்தவர்கள் அல்ல. நாலு வருடத் தலைமுறையில் மூன்றாம் வருடமே ஆதிகாலம்.

இதைச் சொல்லிச் சிரிக்கலாம். ஆனால் இதில் ஒரு நல்ல செய்தியும் இருக்கிறது. ஒரு நல்ல வழக்கத்தை மூன்று வருடம் விடாமல் நடத்தினால் போதும், அதற்குப் பிறகு அது மரபு. கெட்ட வழக்கத்தை மூன்று வருடம் நிறுத்தி வைத்தால் அதை நினைவில் வைத்திருக்க ஆள் இருக்காது. கோயிலாலும் கிராமத்தாலும் இதைச் செய்ய முடியாது.

நம்முடைய இடத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். கிழக்குப் பல்கலைக்கழகத்தின் தாய் வளாகம் வந்தாறுமூலையில் இருக்கிறது. 1981 இல் மட்டக்களப்புப் பல்கலைக்கழகக் கல்லூரியாகத் தொடங்கி 1986 இல் பல்கலைக்கழகமானது. நிலாவெளிப் பக்கம் கோணேசபுரியில் உள்ள திருகோணமலை வளாகம் 2001 இல் வளாகமாக உயர்ந்தது. பேராதனைக்கும் கொழும்புக்கும் பக்கத்தில் வைத்தால் சின்ன இடம். சின்ன இடத்தில் விழாக் குழு என்பது எப்போதும் ஒரே முகங்கள்தான். பொங்கலுக்கு அடுப்பு மூட்டிய பிள்ளைதான் விளையாட்டுப் போட்டிக்குச் சுண்ணாம்புக் கோடு போடும், அதுதான் பிரியாவிடைக்கு ஒலிபெருக்கி பேசி எடுக்கும். அந்த ஒருவர் பட்டம் பெற்றுப் போகும்போது, அவருடைய தொலைபேசியில் இருந்த பந்தல்காரரின் இலக்கமும் சேர்ந்தே போய்விடுகிறது.

இன்னொன்று, வழி. இலங்கைத்துறை முகத்துவாரத்திலிருந்து நகரத்துக்குப் படிக்க வருவது ஒரு காலத்தில் சின்னக் காரியமில்லை. மூதூருக்கு வந்து லோஞ்ச் பிடிக்க வேண்டும். இல்லாவிட்டால் கரைவழியே துறைக்குத் துறை பாதை என்னும் மிதவையில் ஏறி இறங்க வேண்டும். கிண்ணியாவில் 396 மீற்றர் நீளப் பாலம் 2009 ஒக்டோபரில் திறந்தபிறகுதான் அந்த வழி ஒரு வழியானது. அதுவரைக்கும் கல்லூரிகளில் மாலை நிகழ்ச்சி என்றால் தென்கரைப் பிள்ளைகள் பாதியில் எழும்புவார்கள். கடைசிப் பாதை போய்விடும் என்ற பயம். பரிசளிப்பில் பெயர் கூப்பிடும்போது ஆள் இல்லாமல் இருந்ததற்கு எத்தனையோ தடவை இதுதான் காரணம். விழாவின் நேரத்தைத் தீர்மானிப்பவர் பிரதம விருந்தினர் என்று நினைக்கிறோம். இந்த மாவட்டத்தில் அதைத் தீர்மானித்தது ஆறு.

வளாகத்துக்கு வருகிற பிள்ளை வெறுங்கையோடு வருவதில்லை, பதின்மூன்று வருடப் பாடசாலை விழாக்களைப் பழகிக்கொண்டுதான் வருகிறது. அதில் நான் அதிகம் மெச்சுவது வாணி விழாவை. 1923 இல் தங்கம்மா சண்முகம்பிள்ளை நிறுவிய ஸ்ரீ சண்முக இந்து மகளிர் கல்லூரியாக இருக்கட்டும், 1925 இல் இராமகிருஷ்ண மிஷன் பொறுப்பில் விபுலானந்த அடிகளின் கைக்கு வந்த இந்துக் கல்லூரியாக இருக்கட்டும், ஈச்சிலம்பற்றில் ஓலைக் கொட்டிலில் நடந்த ஆரம்பப் பாடசாலையாக இருக்கட்டும், வாணி விழாவின் சட்டகம் ஒன்றுதான். ஒன்பது நாளும் பூசை. ஒவ்வொரு நாளும் ஒரு வகுப்பின் பொறுப்பு. இன்றைக்குத் தரம் ஒன்பதின் பூசை என்றால், கடலை அவிப்பது யாருடைய அம்மா, அவலுக்குச் சீனியா சர்க்கரையா, சகலகலாவல்லி மாலை யார் பாடுவது, எல்லாம் தரம் ஒன்பதுக்குள்ளேயே தீர வேண்டும். நேற்றுத் தரம் பத்து மோதகம் கொடுத்திருந்தால் இன்றைக்கு இவர்கள் மோதகத்தோடு பஞ்சாமிர்தமும் கொடுத்தே தீருவார்கள். தரம் ஆறு பிள்ளைக்குக்கூட வேலை உண்டு. காலையில் பூ ஆய்ந்து வர வேண்டும். செவ்வரத்தையும் நந்தியாவட்டையும் நிறைந்த பையோடு கேற்றில் நிற்கும் அந்தப் பிள்ளையின் முகத்தைப் பாருங்கள். பாடசாலை தன்னுடையது என்று அதற்கு அன்றைக்குத்தான் தெரிகிறது.

நகரத்தில் அதே நாட்களில் கும்ப விழா நடக்கும். நவராத்திரிக்குக் கும்பம் வைத்து, இரவில் அதைச் சுமந்து வீதிவலம் வருவது திருகோணமலைக்கே உரிய வழக்கம். வாணி விழாவில் பகலில் பாடிய பெடியன்கள் இரவில் கும்பத்தின் பின்னால் போவார்கள். அடுத்த நாள் வகுப்பில் தூங்குவார்கள். ஆசிரியர்கள் அந்த ஒரு கிழமை பார்த்தும் பாராததுபோல இருப்பார்கள். அதுவும் மரபுதான், யாரும் எழுதி வைக்காத மரபு.

இல்ல விளையாட்டுப் போட்டியைப் பற்றி நீங்கள் எல்லோரும் என்னைவிட நன்றாகப் பேசுவீர்கள். ஓட்டத்தில் வென்றவர் யார் என்பது ஒரு மாதத்தில் மறந்துபோகும். எந்த இல்லத்தின் சோடனைக்கு முதலிடம் கிடைத்தது, அதில் நடுவர் எவ்வளவு அநியாயம் செய்தார் என்பது நாற்பது வருடமானாலும் மறக்காது. ஐம்பது வயதுக்காரர் இரண்டு பேர் ஒரு கலியாண வீட்டில் இதைப் பற்றிச் சண்டை பிடித்ததை நானே விலக்கிவிட்டிருக்கிறேன். முதல் நாள் இரவு முழுக்கத் தென்னோலை பின்னி, மாப்பசை காய்ச்சி, ஈர்க்குக் கீறி வேலை செய்தவர்களுக்கு அந்தத் தீர்ப்பு எப்படி மறக்கும்? கையால் செய்தது மனத்தில் நிற்கிறது.

வாணி விழாவில் பார்த்த இந்த வகுப்புக்கொரு நாள் என்ற ஏற்பாடு பாடசாலைகள் கண்டுபிடித்தது இல்லை. கோயிலில் உபயம் என்று நடப்பது அது. அதற்கும் முந்திய ஒரு பெரிய முன்மாதிரி இந்த ஊரிலேயே இருக்கிறது. கவிராஜவரோதயர் பாடியதாகச் சொல்லப்படும் கோணேசர் கல்வெட்டைப் புரட்டிப் பாருங்கள். தெய்வச் சிறப்பைச் சொல்லும் நூல் என்று நினைத்துத் திறந்தால், அதன் பெரும்பகுதி வேலைப் பங்கீடு. கோயில் ஊழியரான தானத்தார் என்ன செய்ய வேண்டும், வரிப்பத்தார் என்ன செய்ய வேண்டும், எதை யார் கொண்டுவர வேண்டும், தவறினால் என்ன என்று வரிசையாகச் சொல்லிக்கொண்டு போகிறது. இலக்கியச் சுவை தேடுபவர்களுக்கு அது சலிப்பூட்டலாம். விழா நடத்தியவர்களுக்கு அது பொக்கிஷம். 1620களில் போர்த்துக்கேயர் மலையிலிருந்த கோணேசர் கோயிலை இடித்துக் கல்லை எடுத்துக் கோட்டை கட்டினார்கள். 1950 இல் திருவுருவங்கள் மண்ணுக்குள்ளிருந்து கிடைத்தன. 1963 இல் மலைமேல் குடமுழுக்கு நடந்தது. இடையில் முந்நூறு வருடத்துக்கு மேல். அத்தனை காலமும் இந்த ஊர்ச் சனம் தனக்கு அந்தக் கோயிலில் என்ன கடமை என்பதை மறக்காமல் இருந்ததற்கு, கடமை எழுத்தில் இருந்ததும் ஒரு காரணம் என்பது என் எண்ணம்.

இப்போது வளாகத்துக்குள் வருவோம். 2012 குடிசன மதிப்பீட்டின்படி திருகோணமலை மாவட்டத்தில் எந்த இனமும் பாதியைத் தாண்டவில்லை. வளாகமும் அப்படித்தான், மூன்று சமூகத்துப் பிள்ளைகளும் உண்டு. ஆகவே ஆண்டு நாட்காட்டி நிறைந்து கிடக்கிறது: தைப்பொங்கல், நோன்பு திறத்தல், வெசாக், வாணி விழா, ஒளி விழா. அதோடு புதுமுக வரவேற்பு, விளையாட்டுப் போட்டி, பிரியாவிடை.

ஒரு பொங்கல் நாளைச் சொல்லுகிறேன். தை பிறந்தும் வாடைக்கால ஈரம் போகவில்லை. கட்டடத்துக்குப் பின்னால் கிடந்த விறகு நனைந்திருந்தது. மூன்று கல் வைத்த அடுப்பில் புகைதான் வந்தது, தீ வரவில்லை. வேட்டி கட்டிய தமிழ்ப் பெடியன்கள் நாலு பேர் சுற்றி நின்று ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். குருநாகல் பக்கத்துச் சிங்களப் பிள்ளை ஒருவர் குந்தியிருந்து, காய்ந்த தென்னம்பாளையைக் கீறிச் செருகி, கண்ணீர் வழிய ஊதி மூட்டினார். கொதி வந்தது. அரிசியைக் கொட்டப் போனபோது கிண்ணியாப் பிள்ளை ஒருத்தி, தாவணித் தலைப்பால் மூக்கைப் பொத்திக்கொண்டு, "இந்தத் தண்ணிக்கு இவ்வளவு அரிசி காணாது" என்றாள். யாரும் கேட்கவில்லை. அன்றைக்குப் பொங்கல், கஞ்சியாகத்தான் வந்தது. அவள் சொன்னது சரி. வீட்டில் நோன்புக் கஞ்சி முழுத்தெருவுக்கும் காய்ச்சிப் பழகிய கை அவளுடையது. அடுத்த வருடம் பானையின் பொறுப்பை அவளிடமே கொடுத்தார்கள். பானை கிழக்குப் பக்கம் பொங்கி வழிந்தபோது அவள்தான் முதலில் கைதட்டினாள்.

அதே பிள்ளைகள் நோன்பு மாதத்தில் மாலையில் பேரீச்சம்பழம் பங்கிட்டார்கள். வைகாசியில் மூங்கில் சிலாகை சீவி, மெல்லிய காகிதம் ஒட்டி, வெசாக் கூடு கட்டினார்கள். விளையாட்டுப் போட்டிச் சோடனைக்குப் பசை காய்ச்சிய அனுபவம் அங்கே உதவியது. மார்கழியில் பாலன் குடிலுக்கு வைக்கோல் தேடினார்கள்.

சில காலமாக நான் காண்பது வேறு. பல இடங்களில் அந்தந்தச் சமூகத்தின் மன்றம் அந்தந்த விழாவை நடத்துகிறது, மற்றவர்களுக்கு அழைப்பிதழ் அனுப்புகிறது. மேடையில் மூன்று மொழியிலும் வரவேற்புரை. மரியாதைக்குக் குறைவில்லை. ஆனால் அழைப்பிதழோடு வந்தவர் கதிரையில் இருந்து பார்த்துவிட்டுப் போவார். விருந்தாளி மரபைச் சுமப்பதில்லை, பிழை கண்டுபிடித்துவிட்டு வீட்டுக்குப் போய்விடுவார். பொங்கல் பானையைச் சரியாக்கிய அந்தப் பிள்ளைக்கு அழைப்பிதழ் கொடுத்திருந்தால், மறுவருடமும் நாங்கள் கஞ்சிதான் குடித்திருப்போம்.

பகிடிவதையைப் பேசாமல் இந்தத் தலைப்பை முடிக்க முடியாது. நம்முடைய பல்கலைக்கழகங்களில் எந்த விழாவையும்விட உறுதியாகக் கைமாறி வந்த ஆண்டு வழக்கம் அதுதான் என்பது வெட்கக்கேடு. 1975 இல் பேராதனையில் இராமநாதன் விடுதியின் மாடியிலிருந்து ஒரு மாணவி தப்புவதற்காகக் குதித்து முடமானார். 1997 இல் அங்கேயே பொறியியல் பீடத்து முதல் வருட மாணவர் ஒருவர், உடம்பு தாங்காத பயிற்சிகளைச் செய்ய வைக்கப்பட்டுச் சிறுநீரகம் செயலிழந்து இறந்தார். அடுத்த வருடம் 1998 ஆம் ஆண்டின் 20 ஆம் இலக்கச் சட்டம் வந்தது. பகிடிவதைக்கு இரண்டு வருடம் வரை கடூழியச் சிறை, பாரதூரமான காயமோ பாலியல் துன்புறுத்தலோ நேர்ந்தால் பத்து வருடம் வரை. சட்டம் வந்து கால் நூற்றாண்டு கடந்துவிட்டது. வழக்கம் ஒழியவில்லை.

ஏன் ஒழியவில்லை? கொடூர மனம், ஒழுக்கக் குறைவு என்று சொல்லிவிட்டுப் போகலாம். எனக்கு அது போதாது. ஒவ்வொரு வருடமும் புதிதாக வரும் நூற்றுக்கணக்கான பிள்ளைகள் எல்லோரும் பிறவிக் கொடியவர்கள் அல்லவே. முதலாவது காரணம், ஒரு விழா நடத்த மண்டபம் வேண்டும், பணம் வேண்டும், பதிவாளரின் கையெழுத்து வேண்டும். பகிடிவதைக்கு இவை எதுவும் வேண்டாம். இரவும் ஒரு வராந்தாவும் போதும். இரண்டாவது காரணம் இன்னும் கசப்பானது. புதிதாக வந்த பிள்ளையை நாங்கள் ஒரு கதிரையில் இருத்தி, ஆறு பேர் பேசும் வரவேற்புக் கூட்டம் நடத்தி, சிற்றுண்டிப் பெட்டி கொடுத்து அனுப்புகிறோம். அதற்குப் பிறகு அந்தப் பிள்ளையிடம் யாருக்கும் எந்தத் தேவையும் இல்லை. சீனியருக்குத் தேவை இருக்கிறது. பெயர் வைக்கிறான், வேலை வாங்குகிறான், அடுத்த வருடம் நீ இந்த இடத்தில் நிற்பாய் என்று வாக்கும் கொடுக்கிறான். நாங்கள் கொடுக்காத இடத்தை அவன் கொடுக்கிறான். இன்றைக்குப் பட்ட கடனை அடுத்த வருடம் வேறொருவரிடம் வட்டியோடு அறவிடும் கணக்கு அது. அந்தக் கணக்கு ஒரு பட்ச் முழுவதும் மறுத்தால் மட்டும் முடியும்.

பெயர் வைப்பது என்றதும் ஒன்று நினைவுக்கு வருகிறது. 1823 இல் அமெரிக்க மிஷன் வட்டுக்கோட்டையில் தொடங்கிய செமினரியில், மாணவரின் செலவை ஏற்ற அமெரிக்கக் கொடையாளரின் பெயரை மாணவருக்கு வைக்கும் வழக்கம் இருந்தது. ஆர்னோல்ட் சதாசிவம்பிள்ளை, கரோல் விசுவநாதபிள்ளை, நெவின்ஸ் சிதம்பரப்பிள்ளை என்றெல்லாம் நாம் படிக்கும் பெயர்களின் முன்பாதி அப்படி வந்தது. கொடை கொடுத்தவர்கள் மாணவரின் பெயரையே மாற்றினார்கள். இந்தச் சொற்பொழிவை ஏற்படுத்திய அறக்கட்டளையின் நிறுவனர்கள் அதற்குப் பெயர் வைத்ததோடு நிறுத்திக்கொண்டதற்கு நான் நன்றி சொல்ல வேண்டும். ஆனால் பாருங்கள், அந்தப் பிள்ளைகள் அமெரிக்கப் பெயரையும் சுமந்துகொண்டு தமிழுக்கு உழைத்தார்கள். கரோல் விசுவநாதபிள்ளையும் சி. வை. தாமோதரம்பிள்ளையும் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பட்டதாரிகளானார்கள். பெயரைப் பறித்தவர்கள் படிப்பைக் கொடுத்தார்கள் என்பதாவது அங்கே இருந்தது. விடுதி வராந்தாவில் வைக்கும் பட்டப் பெயரோடு என்ன கிடைக்கிறது?

நல்ல வழக்கம் ஒன்று எப்படிக் கைமாறும் என்பதற்குப் பேராதனையே உதாரணம் தருகிறது. பேராசிரியர் சு. வித்தியானந்தன் அங்கே மாணவர்களைக் கொண்டு ஆண்டுக்காண்டு கூத்தை மேடையேற்றினார். 1962 இல் கர்ணன் போர், 1963 இல் நொண்டி நாடகம், 1964 இல் இராவணேசன், 1967 இல் வாலிவதை. மட்டக்களப்பு அண்ணாவிமாரை அழைத்துவந்து பிள்ளைகளுக்கு ஆட்டம் பழக்கினார். இராவணேசனில் இராவணனாக ஆடியவர் சி. மௌனகுரு என்ற மாணவர். அவர் பிறகு கிழக்குப் பல்கலைக்கழகத்தில் நுண்கலைத் துறைக்குப் பேராசிரியராக வந்தார். அதே இராவணேசனை வேறொரு தலைமுறை மாணவர்களைக் கொண்டு திரும்ப மேடையேற்றினார். மார்ச் 27 உலக நாடக தினத்தை நாடக விழாவாகக் கொண்டாடும் வழக்கத்தையும் அங்கே வளர்த்தார்.

இதில் கவனிக்க வேண்டியது வித்தியானந்தனின் பெருமை மட்டும் இல்லை. அவர் மாணவரைப் பார்வையாளராக இருத்தவில்லை, ஆட விட்டார். ஆடியவருக்குத்தான் தாளம் உடம்பில் ஏறும். பேராதனையிலிருந்து வந்தாறுமூலைக்கு அந்தக் கூத்து வந்தது ஒரு மாணவரின் காலில்தான். 1926 இல் மதங்க சூளாமணி எழுதிய விபுலானந்த அடிகளும் நாடகத்தைப் பாடசாலைக்குள் கொண்டுவர விரும்பியவர்தான். திருகோணமலை வளாகத்துக்கு அப்படி ஒரு ஆண்டு நாடகம் இல்லை என்பது எனக்குப் பெரிய குறை. இந்த மாவட்டத்தில் சம்பூரிலும் ஈச்சிலம்பற்றிலும் கூத்துத் தெரிந்தவர்கள் இருக்கும்போதே இதைச் செய்தால் உண்டு.

மரபு அறுந்த காலங்களைப் பற்றி நீளமாகப் பேச எனக்கு விருப்பமில்லை, ஆனால் தாண்டிப் போகவும் முடியாது. 1990 இல் வந்தாறுமூலை வளாகம் அகதி முகாமாக இருந்தது. செப்டெம்பர் 5 ஆம் திகதி அங்கிருந்து 158 பேர் கொண்டுசெல்லப்பட்டார்கள், திரும்பவில்லை. 2006 ஜனவரி 2 ஆம் திகதி மாலை திருகோணமலைக் கடற்கரையில் ஐந்து மாணவர்கள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அந்த வருடமே வெருகலும் ஈச்சிலம்பற்றும் இலங்கைத்துறையும் சனமில்லாமல் போயின. மீண்டு வந்தவர்கள் பாடசாலையின் சம்பவத் திரட்டுப் புத்தகத்தைத் தேடினார்கள். பல பாடசாலைகளில் அது கிடைக்கவில்லை. யாரும் விரும்பிச் சேர்க்காத இரண்டு நாள்கள் நம்முடைய ஆண்டு நாட்காட்டியில் சேர்ந்துவிட்டன. அந்த நாள்களில் விளக்கேற்ற இன்றைக்கு வரும் பிள்ளைகளில் பலர் அப்போது பிறந்திருக்கவில்லை. ஆனாலும் வருகிறார்கள், ஏனென்றால் குடும்பங்கள் விடவில்லை.

2020 மார்ச்சில் கொரோனாவுக்காக வளாகங்களை மூடியபோது நடந்தது வேறு மாதிரியான அறுபடல். உயிர்ச்சேதத்தோடு ஒப்பிடக்கூடாதுதான். ஆனால் விழாக்களுக்கு அது பெரிய அடி. முதல் வருடத்தைக் கைத்தொலைபேசித் திரையில் படித்த பட்ச் ஒன்று, வளாகத்துக்கு வந்தபோது சீனியராகிவிட்டிருந்தது. பொங்கல் பானை எந்த அலுமாரியில், திறப்பு யாரிடம், ஒலிபெருக்கிக்கு யாரைக் கேட்பது, எதுவும் தெரியாது. கேட்பதற்கு ஆளும் இல்லை, அந்த ஆள் பட்டம் வாங்கிப் போயாயிற்று.

அறுந்தும் ஒட்டிக்கொண்ட மரபுகளில் யாழ்ப்பாணத்து வடக்கின் பெரும் போரை எடுத்துப் பாருங்கள். சென் ஜோன்ஸ் கல்லூரிக்கும் மத்திய கல்லூரிக்கும் இடையில் 1904 முதல் நடக்கும் துடுப்பாட்டம். போர்க் காலத்தில் நின்று நின்று நடந்தது, இன்றைக்கும் நடக்கிறது. ஒரு பக்கம் மறந்தாலும் மறுபக்கம் விடாது என்பது அதற்கு ஒரு பாதுகாப்பு. எதிராளி உள்ள மரபுக்கு ஆயுள் கெட்டி. இல்லச் சோடனையும் அப்படித்தான் பிழைக்கிறது. பொங்கலுக்கு எதிராளி இல்லை, நாடகத்துக்கு இல்லை, ஆண்டு மலருக்கு இல்லை. ஆகவே அவற்றுக்கு வேறு காவல் வேண்டும்.

எழுத்துத்தான் அந்தக் காவல். பேராதனைத் தமிழ்ச் சங்கத்தின் இளங்கதிர் மலர்களை இன்றைக்கு நூலகம் இணையத்தளத்தில் திறந்து பார்க்கலாம். எந்த வருடம் யார் தலைவர், என்ன நாடகம், யார் நடித்தது, எல்லாம் இருக்கிறது. அந்த நாள் மாணவர்கள் தங்கள் கவிதைகள்தான் நிலைக்கும் என்று நினைத்திருப்பார்கள். மன்னிக்க வேண்டும், இன்றைக்கு ஆய்வாளர்கள் தேடிப் படிப்பது பின்பக்கத்திலிருக்கும் செயலாளர் அறிக்கையை. கவிதை எழுதுவதை நிறுத்தச் சொல்லவில்லை. அறிக்கையையும் எழுதுங்கள் என்கிறேன். முகநூலில் படம் போட்டிருக்கிறோமே என்று சொல்லாதீர்கள். படத்தில் எல்லோரும் சிரிக்கிறீர்கள், எந்தக் கடையில் எவ்வளவு அரிசி வாங்கினீர்கள் என்று அதில் இல்லை.

ஆகவே மாணவர் சங்கங்களிடம் என் வேண்டுகோள் இது. ஒவ்வொரு விழாவுக்கும் ஒரு எண்பது பக்கக் கொப்பி வாங்குங்கள். என்ன வாங்கினீர்கள், யாரிடம் இரவல் எடுத்தீர்கள், எவ்வளவு செலவு, எது பிழையாகப் போனது என்று நடந்த வாரமே எழுதுங்கள். பொங்கல் கஞ்சியாகப் போனதையும் எழுதுங்கள், அது அடுத்தவருக்குத்தான் அதிகம் தேவைப்படும். கொப்பியை நூலகத்தில் வையுங்கள், உங்கள் அறையில் வைக்க வேண்டாம். விழாவைச் சமூகத்துக்குச் சமூகம் பிரிக்காமல், வாணி விழாவில் வகுப்புக்கொரு நாள் கொடுப்பதுபோல, பட்சுக்கொரு விழா என்று உபயம் பிரியுங்கள். வெசாக் கூட்டைத் தமிழ்ப் பிள்ளையும் கட்டட்டும், நோன்புக் கஞ்சியைச் சிங்களப் பிள்ளையும் துழாவட்டும். முதல் வருடப் பிள்ளை வந்து இறங்கிய மாதத்திலேயே அதன் கையில் ஒரு வேலையைக் கொடுங்கள், பகலில், எல்லோரும் பார்க்க. விடுதி வராந்தா கொடுக்கும் வேலைக்கு முன்னால் உங்கள் வேலை அதைச் சென்றடைய வேண்டும்.

நிர்வாகத்தாரிடம் ஒரு சொல். விழாவுக்கான அனுமதிக் கடிதம் ஐந்து மேசை தாண்டுவதைக் குறையுங்கள். நல்லதுக்குக் கையெழுத்துத் தாமதமாகும் இடத்தில் கெட்டது கையெழுத்துக் கேட்காமல் நடக்கும்.

இந்தச் சொற்பொழிவுக்கு எனக்கென ஒதுக்கிய சன்மானத்தை நான் எடுக்கவில்லை. அதைக் கொண்டு வளாகத்தின் விழாக் குறிப்புகளை ஆண்டு மலராக அச்சிடத் தொடங்குங்கள் என்று அறக்கட்டளைக் குடும்பத்தினரைக் கேட்டுக்கொள்கிறேன். முதல் மூன்று வருடம் விடாமல் போடுங்கள், நாலாம் வருடம் பிள்ளைகளே "இதுதான் எங்கட வழமை" என்று உங்களிடம் வந்து கேட்பார்கள்.